காப்புக் கட்டாத வேர்

திண்டிவனம் ரயில் நிலையத்துக்குப் பின்னால் எங்கள் பக்கம் மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலைக்கான ஒரு பழைய கிடங்கு இருந்தது. அதில் மூட்டை அடுக்கியவர்கள் எல்லோரும் எலியை விரட்டியே களைத்துப் போனவர்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டில் நாங்கள் அதே கிடங்கை வாடகைக்குப் பிடித்து, பட்டணத்திலிருந்து கூண்டு கூண்டாக வெள்ளை எலிகளைக் கொண்டுவந்து இறக்கி, வேளை தவறாமல் தீனி போட்டு வளர்க்க ஆரம்பித்தோம்.

"இத்தினி வருசம் எலிக்கு மருந்து வெச்சோம். இப்ப மருந்துக்கு எலி வெக்கிறாங்கடா" என்று லாரி ஷெட்டில் பேசிச் சிரித்தார்கள். அவர்கள் சொன்னதில் தவறு ஒன்றுமில்லை. நாட்டு மருந்துச் செடிகளை ஆராயும் ஒரு திட்டத்தின் சிறிய கிளை அது. செடியைக் காயவைத்து, இடித்து, ஸ்பிரிட்டில் ஊறவைத்து, வடித்து, அந்தச் சாற்றில் என்னென்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்ப்பது என் வேலை. அந்தச் சாறு எலியின் உடம்பில் என்ன செய்கிறது என்று பார்ப்பது டாக்டர் அப்பாதுரையின் வேலை. எலிகளின் நல்லது கெட்டது அத்தனையும் தேவசகாயத்தின் பொறுப்பு. மதுவிலக்குக் காலமாதலால் ஸ்பிரிட் பீப்பாய்க்கு இரண்டு பூட்டு. "ஜில்லாவுலயே சாராயத்துக்குப் பர்மிட்டு வெச்சிருக்கிறது எங்க எலிங்கதான்" என்று தேவசகாயம் பெருமையடித்துக் கொள்வார்.

காணைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். சிதம்பரத்தில் படித்து பி.எஸ்ஸி. வாங்கியதும் தபால்காரர் எங்கள் வீட்டை 'பி.எஸ்ஸி. வீடு' என்று சொல்ல ஆரம்பித்தார். அதைக் கேட்பதற்காகவே கடிதம் இல்லாத நாளிலும் என் அப்பா அவரை நிறுத்திப் பேசுவார். அப்பேர்ப்பட்ட வீட்டில் போய், நான் திண்டிவனத்தில் எலி மூத்திரம் அளக்கிறேன் என்று எப்படிச் சொல்வது? திரவங்களை அளக்கிறேன் என்று சொல்லி வைத்திருந்தேன்.

உண்மையில் நாங்கள் எடுத்துக்கொண்ட முதல் செடி அப்படிப்பட்டது. மூக்கிரட்டை. ஏரிக்கரையிலும் வரப்பிலும் தரையோடு படர்ந்து கிடக்கும். கீரையாகக் கடைந்து சாப்பிடுவோம். அதன் வேரைக் கஷாயம் வைத்துக் குடித்தால் கால் வீக்கமும் முக வீக்கமும் வடியும், நீர் நன்றாக இறங்கும் என்பது நாட்டு வைத்தியம். இறங்குகிறதா என்று பார்க்க ஒரே வழிதான் உண்டு. எலிக்குச் சாற்றைக் கொடுத்து, புனல் வைத்த கூண்டில் விட்டு, கீழே அளவு ஜாடியை வைத்துக் காத்திருக்க வேண்டும்.

அந்த வேரை எங்களுக்குக் கொண்டுவந்து கொடுத்தவர்தான் அம்மணி. அவருடைய கதையை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

அம்மணி பிறந்தது வளவனூர்ப் பக்கம். வாழ்க்கைப்பட்டது பிரம்மதேசத்தை ஒட்டிய ஒரு சிற்றூரில். சொந்த நிலம் இல்லாத குடும்பம். நடவு, களையெடுப்பு, மல்லாட்டை பிடுங்குவது என்று காலத்துக்கு ஒரு கூலி வேலை. ஆனால் அவருடைய கணவர் முருகையன் வீட்டுக்கு ஊரில் வேறொரு மதிப்பு இருந்தது. கால் வீங்கினவர்களுக்கு மூக்கிரட்டை வேர் கொடுக்கும் வீடு அது. வேரைக் கண்ட நேரத்தில் பிடுங்கிவிட முடியாது. முதல் நாள் சாயங்காலம் செடிக்கு மஞ்சள் கயிற்றால் காப்புக் கட்டி, தண்ணீர் விட்டு, 'உன்னை இன்னாருக்காக எடுக்கப் போகிறேன்' என்று சொல்லிவிட்டு வரவேண்டும். மறுநாள் விடியும் முன்னே போய், தன் நிழல் செடிமேல் விழாமல், இரும்பு படாமல், மரக்குச்சியால் தோண்டி எடுக்க வேண்டும். அப்படி எடுத்தால்தான் வேரில் சக்தி தங்கும் என்பது அந்த வீட்டு நம்பிக்கை. கல்யாணமாகி வந்ததிலிருந்து அம்மணி இதைப் பிசகாமல் செய்து வந்தார்.

ஒரே ஒரு தடவை பிசகினார். ஐம்பத்தேழாம் வருஷம், மல்லாட்டை பிடுங்கும் காலம். முருகையனுக்கே கால் வீங்கிக் கிடந்தது. படுத்தால் மூச்சு முட்டும் என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியேதான் தூங்குவார். வீட்டில் இருந்த வேர் தீர்ந்துவிட்டது. மல்லாட்டை விளைந்த புன்செய்க் கொல்லைக்காரர் வேலைக்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அன்று போகாவிட்டால் அந்தப் பருவம் முழுவதும் கூப்பிட மாட்டார். அம்மணி உச்சி வேளையில் களைக்கொத்தை எடுத்துக்கொண்டு ஓடி, காப்பும் இல்லாமல் கயிறும் இல்லாமல் வெட்டி எடுத்து வந்து, கஷாயம் வைத்துக் கொடுத்துவிட்டுக் கொல்லைக்குப் போய்விட்டார். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டவள் முருகையனின் தங்கை ராஜாமணி. மறுநாள் பொழுது சாய முருகையன் இறந்து போனார்.

அடுப்படியில் கிடந்த வேர்த்துண்டில் களைக்கொத்து வெட்டிய தடம் தெரிந்தது. வேரோடு வரவேண்டிய மஞ்சள் கயிறும் இல்லை. எடுத்துப் பார்த்த ராஜாமணி எழவு வீட்டில் எல்லோர் முன்னாலும் சொன்னாள்: "காப்புக் கட்டாம வெட்டியாந்து ஊத்தி எங்கண்ணனைக் கொன்னுட்டா."

அதற்குப் பிறகு ஊரில் ஒருவரும் அம்மணியிடம் வேர் கேட்டு வரவில்லை. நாத்தனாரோடு பேச்சும் நின்றது.

இந்தக் கதையை அவர் எங்களிடம் மறைக்கவே இல்லை. முதல் மூட்டையை இறக்கிய அன்றைக்கே டாக்டரிடம் கேட்டார்.

"ஐயா, காப்புக் கட்டிப் புடுங்குன வேரு ஒரு மாரி வேலை செய்யும், கட்டாதது வேற மாரி செய்யும்னு சொல்றாங்களே. அதை உங்க எலிங்க காட்டிக் குடுக்குமா?"

டாக்டர் தராசைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எலி எல்லாம் காட்டும்மா. முதல்ல வேரைக் காட்டுங்க."

"அன்னைக்கி அந்த வேரு வேலை செஞ்சிச்சா இல்லியான்னு தெரிஞ்சாப் போதும். எனக்கு வேற ஒண்ணும் வாணாம்" என்று சொல்லிவிட்டு அம்மணி மூட்டையைப் பிரித்தார்.

டாக்டர் அதைக் காதில் வாங்கவில்லை என்றுதான் நினைத்தேன். ஏனென்றால் அடுத்த சில வாரங்கள் எங்களுக்கு வேறு ஒரு பைத்தியம் பிடித்துவிட்டது.

வேரின் சாற்றை ஒரு துளி எடுத்து, வடிதாளில் வைத்து, திரவத்தில் தொங்கவிட்டால், சாற்றில் உள்ள பொருள்கள் ஒவ்வொன்றும் தனித்தனி உயரத்துக்கு ஏறிப் பிரியும். அம்மணி கொண்டுவந்த வேரில் அப்படி ஏறிய பொருள்களில் ஒன்று பளிச்சென்ற மஞ்சள். ஊதா விளக்கின் கீழ் காட்டினால் பூனைக்கண் மாதிரி ஒளிர்ந்தது. சோடாக்காரம் பட்டால் உடனே சிவந்தது. மூக்கிரட்டை வேரைப் பற்றி அதுவரை வந்த எந்தக் குறிப்பிலும் இப்படி ஒரு பொருள் கிடையாது. அந்தச் சாற்றைக் குடித்த எலிகளோ ஜாடியை நிரப்பிக்கொண்டிருந்தன. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எத்தனை நேரம் ஆகும்? நீர் இறக்கும் சக்தியே இந்த மஞ்சள் பொருளில்தான் இருக்கிறது என்று டாக்டர் முடிவுகட்டி, பட்டணத்துத் தலைமை நிலையத்துக்கு எழுதியும் போட்டுவிட்டார். நான் அந்தப் பொருளுக்கு மனசுக்குள் பெயரே வைத்துவிட்டேன். என்ன பெயர் என்று இப்போது சொல்ல மாட்டேன்.

ஒப்பிட்டுப் பார்க்க விழுப்புரத்து நாட்டு மருந்துக் கடை ஒன்றில் மூக்கிரட்டை வேர் வாங்கி வரச் சொன்னார் டாக்டர். கடைக்காரர் வேங்கடேசன் வேரை நிறுத்துக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மூக்கிரட்டையில மஞ்சளா? முப்பது வருசமா கையில புழங்குது. எனக்கு ஒரு நாளும் கண்ணுல படலையே."

"கண்ணுக்குத் தெரியாதுங்க. அதுக்கெல்லாம் விளக்கு இருக்கு."

"அப்ப வெளக்குலதான் இருக்கும்" என்று சொல்லிப் பொட்டலத்தைக் கட்டினார்.

விழுப்புரத்து வேரில் மஞ்சள் இல்லை. துளிக்கூட இல்லை. டாக்டருக்கு உற்சாகம் இரட்டிப்பாயிற்று. ஒரே செடி, இரண்டு ஊர். ஒன்றில் இருக்கிறது, ஒன்றில் இல்லை. அப்படியானால் மண்தான் காரணம். "தேவநாதன், பிரம்மதேசத்து ஏரிக்கரை மண்ணைக் கொண்டுவா. இடத்துக்கு இடம் தனியாக் கட்டிக் கொண்டுவா" என்று என்னை அனுப்பினார்.

சாயங்கால பஸ்ஸில் போய் இறங்கினேன். மண் எடுக்கப் பைகளோடு ஏரிக்கரை ஏறியபோது அம்மணி அங்கே குனிந்து ஏதோ செய்துகொண்டிருந்தார். இடுப்பில் ஒரு செம்பு, கையில் ஒரு கொட்டாங்கச்சி. ஒரு செடியின் தூரில் மண்ணை விலக்கி, வேர்த் தலையில் எதையோ பூசி, கயிறு கட்டி, வாய்க்குள் முணுமுணுத்து, அடுத்த செடிக்குப் போனார். அதற்கும் அதே மாதிரி. அதற்கடுத்ததற்கும். பக்கத்தில் ஒரு கல்லின்மேல், அன்று காலையில் எடுத்த வேர்கள் காய்ந்துகொண்டிருந்தன. அவற்றின் மேலும் பூச்சு இருந்தது.

கிட்டே போய்க் கொட்டாங்கச்சியை எட்டிப் பார்த்தேன். நல்ல கிழங்கு மஞ்சள், கெட்டியாக அரைத்தது.

எங்கள் ஊரிலும் காப்பு உண்டு. நான் ஒன்றும் அதை அறியாதவன் இல்லை. ஆனால் எங்கள் பக்கம் ஒரு செடிக்கு ஒரு கயிறு கட்டினால் அந்தக் கூட்டத்துக்கே கட்டியதாகக் கணக்கு. வேரை ஒருவரும் தொட மாட்டார்கள். அம்மணி வீட்டிலும் அப்படித்தானாம்.

"அப்புறம் ஏன் அக்கா ஒவ்வொண்ணுத்துக்கும் பூசறீங்க?"

"வூட்டுக்குன்னா ஒண்ணுக்குக் கட்டுனாப் போதும் தம்பி. இது பெரியவங்க பாத்துக்கினு இருக்கிற வேலை. ஒண்ணு ரெண்டு விட்டுப்போனாலும் உங்க எலிங்களுக்கு ஏதாவது ஆயிடும். காய வெக்கிறப்பவும் ஒரு வாட்டி பூசிடறேன். ஏன், பத்தலையா?"

மண்பையைக் கீழே வைத்தேன். மஞ்சள் கறைபட்ட வேட்டியில் சோப்புப் போட்டால் சிவந்து போகும் என்பது வெளுக்கப் போடும் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். காரம் இருக்கிறதா என்று சோதிக்க மஞ்சள் தோய்த்த தாள் என்று ஒரு டப்பா என் மேஜைமேலேயே இருந்தது. அதன் பக்கத்தில் உட்கார்ந்துதான் நான் அந்தப் புதுப் பொருளுக்குப் பெயர் வைத்தேன்.

மறுநாள் டாக்டர் அப்பாதுரை நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, கடையில் வாங்கிய மஞ்சளை ஸ்பிரிட்டில் கரைத்து, அம்மணியின் வேர்ச்சாற்றுக்குப் பக்கத்திலேயே அதே தாளில் ஏற்றிப் பார்த்தார். இரண்டும் ஒரே உயரம், ஒரே ஒளி.

"இத்தனை நாளா நாம பண்ணினது ஆராய்ச்சி இல்லடா. குழம்பு."

"கொஞ்சம் புளி கரைச்சி ஊத்தியிருந்தா எலிங்களும் மூக்கப் புடிக்கத் தின்னுருக்கும் சார்" என்றார் தேவசகாயம்.

டாக்டர் சிரிக்கவில்லை. பட்டணத்துக்கு எழுதிப் போட்ட கடிதம் அவர் நினைவில் இருந்திருக்க வேண்டும். அம்மணி மூட்டையோடு வந்து நின்றதும் குரல் உயர்ந்தது. "என்னம்மா இது, வேரில கலப்படம் பண்ணலாமா?"

அம்மணி மூட்டையைக் கீழே வைத்தார். "கலப்படமா? ஒரு வாட்டி கட்டாம குடுத்துட்டு அஞ்சு வருசமா சொமந்துக்கினு கீறேன். உங்க எலிங்களுக்குக் கட்டாம குடுத்து அதுங்களும் செத்துச்சுன்னா அந்தப் பழியும் எனக்கா?"

டாக்டர் அப்பாதுரையிடம் எனக்குப் பிடித்த குணம் ஒன்று உண்டு. கோபம் வரும், ஆனால் கோபத்துக்கு நடுவில் ஒரு கேள்வி வந்துவிட்டால் கோபத்தை அப்படியே போட்டுவிட்டுக் கேள்வியின் பின்னால் போய்விடுவார். அன்றும் அப்படித்தான். மேஜையைத் தட்டிக்கொண்டிருந்த விரல் நின்றது.

"சரி. எலிக்கு நீர் இறங்கினது நிஜம். அது வேராலயா, மஞ்சளாலயா? ரெண்டும் சேர்ந்தா?" என்று எங்களைப் பார்த்தார். பிறகு அம்மணியைப் பார்த்தார். "முதல் நாளே என்னமோ கேட்டீங்களே. காப்புக் கட்டினது, கட்டாததுன்னு."

"கேட்டேங்க."

"இப்ப எனக்கும் அதேதான் தெரியணும். அதே ஏரிக்கரையில, அதே வாரத்துல, காப்புக் கட்டாத வேர் வேணும். பிடுங்கித் தருவீங்களா?"

அம்மணி கீழே வைத்த மூட்டையை மறுபடி தூக்கிக்கொண்டார். விழுப்புரத்துக் கடை வேரை வைத்துச் செய்யலாமே என்றேன். அது எந்த வருஷத்து வேரோ, எந்த மண்ணோ. ஒப்பிட்டால் ஒன்றும் புரியாது என்று டாக்டர் தள்ளிவிட்டார்.

"அப்ப நானே போய்ப் புடுங்கிட்டு வர்றேன்க்கா" என்றேன்.

"நீ புடுங்குனா அது நீ புடுங்குன வேரு தம்பி" என்றார் அம்மணி. "அதுல எனக்கு இன்னா தெரியும்?"

அந்த வாரம் அவர் கிடங்குப் பக்கமே வரவில்லை. பயந்துவிட்டார் என்று நானும், கோபித்துக்கொண்டார் என்று தேவசகாயமும் பேசிக்கொண்டோம். கேள்வி கேட்பது ஒன்று. பதில் வரும் என்று தெரிந்த பிறகு கேட்பது வேறு. வேர் வேலை செய்யவில்லை என்று எலி சொல்லிவிட்டால் ராஜாமணி சொன்னது நிரந்தரமாகிவிடும். இதுவரை ஒருத்தி வாயால் வந்த பழி, இனிமேல் ஆராய்ச்சிக்கூடத்துப் பழி. அதையும் தெரிந்துகொண்டுதான் அவர் எனக்கு ஆள் சொல்லி அனுப்பினார்.

போனபோது உச்சி வெயில். அம்மணி களைக்கொத்தோடு ஏரிக்கரையில் நின்றிருந்தார். "அன்னைக்கி இந்த நேரந்தான்" என்றார். "இந்தக் கொத்துதான்." செடியைச் சுற்றி வந்து, தன் நிழல் முழுக்க அதன்மேல் விழும்படி நின்றுகொண்டார். கொத்து ஒருமுறை ஓங்கி நின்றது. பிறகு இறங்கியது. வேர் வெட்டுப்பட்ட சத்தம் எனக்கும் கேட்டது. மூட்டைக்கு வேண்டிய அளவு அப்படியே எடுத்தார், ஒன்றையும் மரக்குச்சியால் தொடவில்லை. என் பையில் போடும்போது மட்டும், "உங்க எலிங்க மேல எனக்கு ஒரு வஞ்சமும் இல்லன்னு சொல்லிடு" என்றார். முதல் நாளே மஞ்சள் பூசிக் காப்புக் கட்டி, அன்று விடிகாலையில் எடுத்த வேரும் தனிப்பையில் தயாராக இருந்தது.

சோதனை நாளன்று எலிகளை மூன்று பிரிவாக்கினோம். ஒரு பிரிவுக்கு வெறும் உப்புத் தண்ணீர். ஒரு பிரிவுக்குக் காப்புக் கட்டிய வேரின் சாறு. ஒன்றுக்குக் கட்டாத வேரின் சாறு. ஜாடிகளின் பெயர்களை டாக்டர் தாளால் மூடி ஒட்டிவிட்டார். சாற்றைக் கொடுத்தவர் அவர். அளக்கப் போகிறவன் நான். எது எதுவென்று எனக்குத் தெரியக்கூடாது.

"ஏன் சார், என் மேல நம்பிக்கை இல்லையா?"

"நீங்க ரெண்டு பேரும் அந்தம்மா கட்சி. ஆசைப்படறவன் கண்ணு அரைக்கோடு மேலதான் படிக்கும்."

அம்மணி காலையிலிருந்து கூண்டுகளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருந்தார். டீ வாங்கிக் கொடுத்தால் ஆறிப்போகும்வரை கையிலேயே வைத்திருந்தார்.

"இப்பிடி மொறைச்சிக்கினு இருந்தா எலிக்கு வெக்கமா இருக்காதா அக்கா? அதுக்கும் மானம் ரோசம் உண்டு. கொஞ்சம் அந்தாண்ட பாரு" என்றார் தேவசகாயம்.

"நீ உன் வேலையைப் பாரு. கெழக்கால இருக்கிற எலி இன்னும் ஒண்ணுமே போவலை. அதுக்கு ஐயா ஒழுங்கா ஊட்டுனாரா?"

"அது கொஞ்சம் கஞ்சப்பய எலி."

பொழுது சாய அளவெடுத்து முடித்தோம். ஒவ்வொரு பிரிவின் நீரையும் ஒன்றாக ஊற்றி, மூன்று ஜாடிகளை மேஜைமேல் வரிசையாக வைத்தார் டாக்டர். ஒன்றில் கொஞ்சமாக. மற்ற இரண்டிலும் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

"இதுல எது காப்புக் கட்டாததுன்னு நீங்களே சொல்லுங்கம்மா."

அம்மணி தயங்கவே இல்லை. குறைவாக இருந்த ஜாடியைக் காட்டினார். காட்டிய விரலை மடக்கிக்கொண்டு, "இதாத்தான் இருக்கும்" என்றார். அவர் ஐந்து வருஷமாக மனசுக்குள் பார்த்துக்கொண்டிருந்த ஜாடி அதுதான்.

டாக்டர் தாளை உரித்தார். வெறும் உப்புத் தண்ணீர் குடித்த எலிகளின் ஜாடி அது.

அம்மணி அடுத்த இரண்டையும் பார்த்தார். குனிந்து பார்த்தார். நான் ஜாடிகளை அவர் கண் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்து, நீரின் மேல்விளிம்பு வளைந்திருக்கும், அந்த வளைவின் அடியைப் பார்க்க வேண்டும் என்று காட்டினேன். அப்படியும் பார்த்தார். எது எது என்று அவரால் சொல்ல முடியவில்லை. டாக்டர் இரண்டு தாளையும் உரித்தபோது எனக்கே ஒருகணம் குழப்பம், அவ்வளவு ஒத்திருந்தது. மஞ்சளுக்கு இதில் பங்கில்லை. வேர்தான் வேலை செய்திருக்கிறது. இரும்பு பட்ட வேர், நிழல் விழுந்த வேர், கயிறு காணாத வேர்.

அம்மணி முகத்தில் நான் எதிர்பார்த்த மகிழ்ச்சி வரவில்லை.

"எலிக்குச் சரிங்க. அவருக்கு?"

டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தார். முருகையனுக்கு எப்படி இருந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். படுக்க முடியாதது, உட்கார்ந்தே தூங்கியது, நடந்தால் மூச்சிரைத்தது.

"நெஞ்சு பலவீனமா இருந்திருக்கும்மா. கால்ல தேங்கின தண்ணியை இந்த வேர் இறக்கும். நெஞ்சைச் சரிபண்ணாது. காப்புக் கட்டினாலும் பண்ணாது. ஆனா அன்னைக்கு அந்த வேர் அவருக்கு வேலை செஞ்சுதான்னா, அதை எலி சொல்ல முடியாது. அவருக்கு நீர் இறங்குச்சா?"

"எனக்கு எப்பிடிங்க தெரியும். நான் கொல்லையில மல்லாட்டை புடுங்கிக்கினு இருந்தேன். பொழுது போயித்தான் வந்தேன். அவரு கண் அசந்திருந்தாரு. மறுநாளும் இருட்டோட வேலைக்குப் போயிட்டேன்."

"யாரும் பக்கத்துல இல்லையா?"

"ராஜாமணிதான் இருந்தா."

"அவங்களைக் கேட்டீங்களா?"

அம்மணி டாக்டரை ஒரு மாதிரி பார்த்தார். அப்படி ஒரு கேள்வி இருக்கிறது என்பதே அன்றுதான் அவருக்குத் தோன்றியது போலிருந்தது.

ஒரு தடவை வந்த விடையை டாக்டர் நம்ப மாட்டார். அடுத்த வாரம் அதே சோதனையை மறுபடி வைத்தார். அன்று திண்டிவனத்தில் சந்தை. பொழுது சாயும் நேரத்தில் அம்மணி உள்ளே வந்தார். பின்னால் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு இன்னொருத்தி. ராஜாமணி என்று சொல்லாமலே தெரிந்தது. சந்தையில் அவளைப் பார்த்து என்ன சொல்லி அழைத்து வந்தாரோ, இன்றுவரை எனக்குத் தெரியாது.

"எலி மூத்திரத்தைப் பாக்கவா என்னை இம்மாந்தூரம் இழுத்தாந்தே?"

"நான் காப்புக் கட்டாம புடுங்குன வேரு ஒண்ணு. கட்டிப் புடுங்குனது ஒண்ணு. எது எதுன்னு நீ சொல்லு."

ஜாடிகள் மேஜைமேல், போன வாரத்தைப் போலவே நின்றன. ராஜாமணி பார்த்தாள். முந்தானை மூக்கிலிருந்து இறங்கியது. இந்தப் பக்கம் வந்து பார்த்தாள், அந்தப் பக்கம் போய்ப் பார்த்தாள்.

"எலியும் எங்கண்ணனும் ஒண்ணா?" என்றாள் கடைசியில்.

"ஒண்ணில்ல" என்றார் அம்மணி. "அதான் உன்னைக் கேக்கறேன். அன்னைக்கி நான் கஷாயத்தைக் குடுத்துட்டுப் போயிட்டேன். பக்கத்துல இருந்தது நீ. அவரு ஒண்ணுக்குப் போவ வெச்ச சட்டியை வெளிய எடுத்து ஊத்துனது நீ. எத்தினி வாட்டி ஊத்துனே?"

தேவசகாயம்கூடக் கூண்டுக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.

"எண்ணல" என்றாள் ராஜாமணி. "இடுப்பு ஒடிஞ்சிபோச்சு ஊத்தி ஊத்தி. இவரை என் தலையில கட்டிட்டு நீ கூலிக்குப் போயிட்டேன்னு உன்னைத் திட்டிக்கினேதான் ஊத்துனேன்."

"அம்மாம் போச்சா?"

"போச்சு. காலெல்லாம் தொளதொளன்னு வத்திடுச்சு. செருப்பைக் கொண்டான்னு கேட்டாரு. பாதம் நொழையாம ஒரு மாசமா மூலையில கெடந்திச்சே, அந்தச் செருப்பு. போட்டுப் பாத்தாரு. நொழைஞ்சிச்சு."

"செருப்பு போட்டாரா?" அம்மணி கேட்ட குரல் எனக்குப் புதிதாக இருந்தது.

"போட்டுக்கினு வாசப்படி வரிக்கும் நடந்தாரு. கேப்பைக் கூழு கேட்டாரு, ஊத்துனேன். ஒரு சொம்பு குடிச்சாரு." ராஜாமணி நிறுத்தினாள். பிறகு ஜாடிகளைப் பார்த்தபடியே சொன்னாள். "மறுநாளு அப்பிடி ஆயிடவே, எனக்கு வேரோட மஞ்சக் கவுறு இல்லியேங்கறது ஒண்ணுதான் கண்ணுல நின்னிச்சு அண்ணி."

அண்ணி என்று அவள் வாயில் வந்தது அவளுக்கே தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது. அம்மணி மேஜைக் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். "எந்தச் செருப்பு, வாரு அறுந்து நான் தெச்சிக் குடுத்தனே, அதுவா?" என்று கேட்டார். அதுதான் என்றாள் ராஜாமணி. இருவரும் அந்தச் செருப்பைப் பற்றியே பேசிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்கள். ஜாடியில் எது எது என்று ராஜாமணி கடைசிவரை சொல்லவில்லை. அம்மணியும் திரும்பக் கேட்கவில்லை.

டாக்டர் பட்டணத்துக்கு இன்னொரு கடிதம் எழுதினார். மஞ்சள் பொருளைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகவும், வேர் தன்னளவில் நீர் இறக்குவதாகவும். அதில் உதவி என்ற இடத்தில் என் பெயரும், வேர் சேகரித்தவர் என்ற இடத்தில் அம்மணியின் பெயரும் இருந்தன. அதைப் படித்துக் காட்டியபோது அம்மணி கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "சரிங்க, அந்த நெஞ்சுக்கு எந்தச் செடி?" டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எங்கள் அடுத்த மூட்டையில் என்ன வந்தது என்பது வேறு கதை. ஆனால் அந்தக் கேள்வி கிடங்கில் நின்றுவிட்டது.

ஊரில் அம்மணியிடம் மறுபடி வேர் கேட்டு முதலில் வந்தவள் ராஜாமணியேதான். அவளுடைய மாமனாருக்குக் கால் வீக்கம். நான் அன்று மூட்டை எடுத்துப்போக அங்கே போயிருந்தேன்.

"களைக்கொத்து இங்கியேதான் கீது. இப்பவே வெட்டித் தரட்டா?" என்றார் அம்மணி.

ராஜாமணி என்னை ஒரு பார்வை பார்த்தாள், ஏரிக்கரையை ஒரு பார்வை பார்த்தாள்.

"எலிக்கெல்லாம் சரிதான் அண்ணி. அந்த மனுசன் ஏற்கெனவே ஒரு மாரி. எதுக்கும் கட்டியே குடுத்துடேன்."

அம்மணி சிரித்து அன்றுதான் பார்த்தேன். சாயங்காலம் போய்க் காப்புக் கட்டினார். ஒரே ஒரு செடிக்கு, ஒரே ஒரு கயிறு. வேருக்கு மஞ்சள் பூசவில்லை.